மைக்கேல் ஷூமாக்கர்: ஏழு பட்டம் ஒரு பக்கம், ஹெரெஸ் ஒரு பக்கம்

வளைவுமுனை:

2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல்லில் பனிச்சறுக்கும்போது நடந்த அந்த விபத்துக்குப் பிறகு எஃப்1 (ஃபார்முலா 1) கார் பந்தய ஓட்டுநர் ஷூமாக்கரைப் பற்றி நேராகப் பேசுவது கஷ்டமாகிவிட்டது. ஒருவர் புகழ்ந்தால் எல்லோரும் புகழ்கிறார்கள். யாராவது 1997இல் அவர் போட்டியாளர்மேல் காரைத் திருப்பிய ஹெரெஸ் என்று வாயைத் திறந்தால், "இந்த நிலைமையில் இருக்கும் மனிதரைப் போயா" என்று அடக்கிவிடுகிறார்கள். அவருடைய உடல்நிலையைப் பற்றி இங்கே யாரும் பேச வேண்டாம். அது குடும்பத்தின் விஷயம், அவர்கள் மூடி வைத்திருப்பது நியாயமும்கூட. ஆனால் 1991 முதல் 2012 வரை அவர் ஓட்டியது எல்லோர் கண்முன்னேயும் நடந்தது. அதை எடை போடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சாதனையில் சந்தேகம் கிடையாது. 7 உலகப் பட்டங்கள், 91 வெற்றிகள், 68 போல் (தகுதிச் சுற்றில் முதலிடம்), 155 முறை மேடை (முதல் மூன்று இடம்). 2002 சீசனில் 17 பந்தயங்கள், பதினேழிலும் மேடை ஏறினார். 2004இல் 18இல் 13 வெற்றி. பட்டங்களில் ஹாமில்டன் 2020இல் சமன் செய்தார், வெற்றிக் கணக்கைத் தாண்டியும் விட்டார். ஆனால் 1979க்குப் பிறகு ஓட்டுநர் பட்டத்தையே பார்க்காத ஃபெராரியை ஐந்து வருடம் தொடர்ந்து மேலே நிறுத்தியது வேறு வகைச் சாதனை.

இனி நடத்தை. மூன்று இடங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடிலெய்டு 1994. சீசனின் கடைசிப் பந்தயம், பட்டத்துக்குப் போட்டியிட்ட டேமன் ஹில்லைவிட ஒரே ஒரு புள்ளி முன்னிலை. 36ஆவது சுற்றில் ஷூமாக்கர் தானே அகலமாகப் போய்ச் சுவரில் இடிக்கிறார். திரும்பத் தடத்துக்குள் வருகிறார். அடுத்த வலது வளைவில் ஹில் உள்பக்கமாக நுழையும்போது அவர்மேல் காரைத் திருப்புகிறார். ஹில்லின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் விஷ்போன் வளைந்து அவரும் அவுட். பட்டம் ஷூமாக்கருக்கு, 92க்கு 91.

ஹெரெஸ் 1997. இதுவும் கடைசிப் பந்தயம், இந்தத் தடவையும் ஒரு புள்ளி முன்னிலை. 48ஆவது சுற்றில் பட்டப் போட்டியாளர் ஜாக் வில்நெவ் ரொம்பப் பின்னாலிருந்து வந்து, தாமதமாக பிரேக் பிடித்து உள்ளே நுழைந்துவிடுகிறார். ஷூமாக்கர் அவர்மேல் திருப்புகிறார். இந்த முறை மாட்டிக்கொண்டது அவரேதான், கார் சரளைக் கல்லில் நின்றுவிட்டது.

மொனாக்கோ 2006, பந்தயத்தில் யார் எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்று. தன் கடைசிச் சுற்றில் நேரம் தவறுகிறது. பின்னால் பட்டப் போட்டியாளர் அலோன்சோ வேகமாக வந்துகொண்டிருக்கிறார். ராஸ்காஸ் வளைவில் ஷூமாக்கரின் கார் நின்றுவிடுகிறது, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விழுகிறது, அலோன்சோவின் சுற்று வீணாகிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெரிகிறது. மூன்றுமே அவருடைய கையிலிருந்து நழுவிய தருணங்கள். அடிலெய்டில் சுவரில் இடித்தது அவர். ஹெரெஸில் உள்பக்கக் கதவைத் திறந்து வைத்தது அவர். ராஸ்காஸில் சுற்றைக் கெடுத்ததும் அவர்தான். இதற்கு நேர்மாறாக, கார் அவரைக் கைவிட்ட நாட்களைப் பாருங்கள். 2006 சுசுகாவில் அலோன்சோவும் அவரும் சமப் புள்ளியில் நிற்கிறார்கள். முன்னணியில் போய்க்கொண்டிருந்தவருக்கு எஞ்சின் வெடிக்கிறது. 2000 பிரெஞ்சு கிராண்ட் பிரிக்குப் பிறகு பந்தயத்தில் அவருக்கு எஞ்சின் போனதே இல்லை. அன்று அவர் ஹெல்மெட்டைத் தூக்கி எறியவில்லை. பிட்டுக்கு (அணிகள் கார்களைக் கவனிக்கும் இடம்) நடந்து வந்து ஒவ்வொரு மெக்கானிக்கையும் தேடிப்போய்த் தட்டிக்கொடுத்தார்.

இயந்திரம் தோற்றால் தாங்கிக்கொள்ள முடிந்தவருக்கு, தான் செய்த பிழையை மட்டும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. என் கணிப்பு இதுதான். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கிள்ளான்வாசி:

நல்ல தொடக்கம் நண்பரே. நான் மலேசியாக்காரன், 1999இல் செப்பாங்கில் முதல் கிராண்ட் பிரி நடந்தபோது மைதானத்தில் இருந்தேன். அந்தப் பந்தயத்தைப் பட்டியலில் சேர்க்காமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

அந்த ஜூலையில் சில்வர்ஸ்டோனில் பிரேக் கோளாறாகி, ஸ்டோ வளைவில் நேராகப் போய் மோதி வலது காலை உடைத்துக்கொண்டார். ஆறு பந்தயங்கள் போச்சு. அவர் இல்லாத நேரத்தில் ஃபெராரியின் இன்னொரு ஓட்டுநர் இர்வின்தான் பட்டத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார். ஷூமாக்கர் திரும்பி வந்தது செப்பாங்கில், அதுவும் தன் இரண்டாம் நம்பர் ஓட்டுநருக்கு உதவி செய்ய. வந்த முதல் பந்தயத்திலேயே எல்லோரும் வாயைப் பிளக்கும்படி ஓட்டிப் போல் எடுத்தார்.

பந்தயத்தில் இர்வினுக்கு வழிவிட்டார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. நடுவில், இர்வினோடு பட்டத்துக்குப் போட்டியிட்ட மெக்லாரன் ஓட்டுநர் ஹாக்கினெனைத் தன் பின்னால் கட்டிப் போட்டார். வளைவில் மெதுவாகப் போவார், ஹாக்கினென் நெருங்கியதும் நேர்தடத்தில் பாய்ந்துவிடுவார். மறுபடி மெதுவாக. ஹாக்கினென் முகத்தில் அன்று தெரிந்த களைப்பு அவர் மேடையில் நின்றபோதும் போகவில்லை. விதிக்கு உட்பட்டு, யார்மேலும் இடிக்காமல், ஒரு எதிரியை ஒரு மணி நேரத்துக்கும் மேல் திணறடித்தார். வெற்றியை இர்வினிடம் கொடுத்துவிட்டுத் தான் இரண்டாவதாக வந்தார். அப்புறம் காரின் பக்கத் தகடு அளவு சரியில்லை என்று ஃபெராரி இரண்டையும் தகுதி நீக்கம் செய்து, மேல்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தது தனிக் கதை.

தன் அணிக்காகத் தன் வெற்றியை விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் என்று சொல்பவர்கள் செப்பாங்கை மறந்துவிடுகிறார்கள்.

பிட்சுவர்:

இர்வினுக்கு வழிவிட்டது சரி. ஆஸ்திரியா 2002இல் ஃபெராரி அணித்தோழர் பாரிசெல்லோவிடமிருந்து வெற்றியை வாங்கிக்கொண்டது?

நான் வளைவுமுனை சொன்ன கணிப்பை ஏற்கவில்லை. "தன் பிழையைத் தாங்க முடியாதவர்" என்றால் கேட்க இரக்கமாக இருக்கிறது. நடந்ததை மட்டும் பார்ப்போம். 1994இல் அடிலெய்டுக்கு முன்பே என்னென்ன நடந்தது? சில்வர்ஸ்டோனில் ஃபார்மேஷன் சுற்றில் (பந்தயத்துக்கு முன், முந்தக் கூடாத வரிசைச் சுற்று) போலில் இருந்த ஹில்லை முந்தினார். 5 விநாடி தண்டனை கொடுத்தார்கள், சரியான நேரத்தில் வந்து நிறைவேற்றவில்லை. பந்தயத்தை விட்டு வெளியேறச் சொல்லும் கறுப்புக் கொடி காட்டினார்கள், அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினார். இரண்டாம் இடம் பறிபோனது, கூடவே இரண்டு பந்தயத் தடை. ஸ்பாவில் ஜெயித்தார், காரின் அடிப்பலகை விதியைவிட அதிகமாகத் தேய்ந்திருந்ததால் அதுவும் போனது. அப்போதைய அவருடைய அணியான பெனட்டன் காரின் கணினியில், அந்த ஆண்டு தடை செய்யப்பட்டிருந்த லாஞ்ச் கன்ட்ரோல் (தொடக்கத்தில் காரைத் தானாகக் கிளப்பும்) மென்பொருள் கிடந்தது. பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று கார் பந்தயங்களின் உலகக் கூட்டமைப்பான எஃப்ஐஏ சொன்னது, சரி. ஆனால் அது ஏன் அங்கே இருந்தது?

இவ்வளவுக்கும் பிறகு அடிலெய்டு. எஃப்ஐஏ அதைப் பந்தய விபத்து என்று விட்டுவிட்டது. மூன்று வருடம் கழித்து ஹெரெஸில் அதே காரியத்தைச் செய்ததற்குக் காரணமே இதுதான் என்பேன். முதல் முறை பலன் கிடைத்தது, தண்டனை கிடைக்கவில்லை. மனிதர்கள் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஹெரெஸ் தண்டனையும் தண்டனையா? 1997 சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் இடத்தைப் பறித்தார்கள். ஐந்து வெற்றிகளும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. அடுத்த வருடம் ஒரு பந்தயம்கூடத் தடை இல்லை. அந்த ஆண்டு இரண்டாவதாக வந்தவர் யார் என்று இன்று எத்தனை பேருக்குக் கவலை?

வளைவுமுனை:

பிட்சுவர், 1994 பட்டியலில் நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் முழுக் கணக்கையும் வையுங்கள். 16 பந்தயங்களில் இரண்டில் தகுதி நீக்கம், இரண்டில் தடை. நான்கு பந்தயங்களில் பூஜ்யம். மீதி 12இல் எட்டை ஜெயித்தார். முதல் ஏழில் ஆறு வெற்றி. மீதி ஒன்று ஸ்பெயின், அதில் இரண்டாவது.

அந்த ஸ்பெயின் பந்தயத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாதிப் பந்தயத்துக்கும் மேலே கியர் ஐந்தாவதில் மாட்டிக்கொண்டது. பிட்டுக்குள் வந்து நின்று, மறுபடி ஐந்தாவது கியரிலேயே வண்டியை நகர்த்தி வெளியே போனார். மெதுவான வளைவுகளில் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க, வளைவுக்குள் வேகத்தைக் குறைக்காமல் அகலமான கோட்டில் போவதற்குப் புது வழியே கண்டுபிடித்தார். மற்றவர்கள் ஆறு கியரோடு ஓட்டிய அதே நேரங்களுக்குப் பக்கத்தில் இவருடைய நேரங்கள் இருந்தன. லாஞ்ச் கன்ட்ரோலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அந்த மாதிரி ஓட்டுவதற்கு எந்த மென்பொருளும் கிடையாது.

அந்த ஆண்டு மே 1 அன்று இமோலாவில் முன்னணி ஓட்டுநர் சென்னா இறந்ததையும் மறக்கக் கூடாது. சென்னாவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது ஷூமாக்கரின் கார். 25 வயதுப் பையன், யாரை ஜெயித்துத் தன்னை நிரூபிக்க வந்தாரோ அவர் கண்முன்னால் சுவரில் மோதுவதைப் பார்த்தார். அந்த சீசனை யாரும் தெளிந்த மனதோடு முடிக்கவில்லை, ஹில் உட்பட.

தண்டனை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஹெரெஸுக்குப் பிறகு 1998இன் முதல் சில பந்தயங்களுக்காவது அவரை வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும்.

கார்ட்பையன்:

நான் இருங்காட்டுக்கோட்டையில் கார்களோடு வேலை செய்பவன். நடத்தையைப் பற்றி அண்ணன்மார் பேசுங்கள், நான் ஓட்டும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஷூமாக்கரின் உள்கேமரா காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைப் பாருங்கள். வளைவுக்குள் நுழையும்போதே கை சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும். காரின் பின்பக்கம் வழுக்கும் எல்லையிலேயே நிற்கும். அவருக்கு அப்படிப்பட்ட கார்தான் பிடிக்கும்: முன்பக்கம் கடித்துப் பிடிக்க வேண்டும், பின்பக்கம் ஆடினாலும் பரவாயில்லை. இடது காலால் பிரேக், வலது காலால் ஆக்ஸிலரேட்டர், இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து அழுத்திக் காரைச் சமநிலையில் வைப்பார். அவருக்காகச் செட் பண்ணிய காரை அணியின் இன்னொரு ஓட்டுநருக்குக் கொடுத்தால் சுற்றிக்கொண்டு நிற்கும். பெனட்டனில் அவரோடு ஓட்டியவர்கள் பலர் தடுமாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மழையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1996 பார்சிலோனா. அந்த ஆண்டு ஃபெராரி ஒரு முரட்டு வண்டி, ஒழுங்காக வளையாது. தொடக்கத்தில் கிளட்ச் சொதப்பிப் பல இடங்கள் பின்னால் போனார். அதன் பிறகு ஒரு சுற்றுக்கு மூன்று விநாடிக்கும் மேல் மற்றவர்களைவிட வேகமாக ஓட்டினார். கடைசிப் பகுதியில் எஞ்சின் எல்லா சிலிண்டரிலும் ஒழுங்காக ஓடவில்லை. அப்படியும் 45 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஃபெராரியில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி.

அப்புறம் ஹங்கேரி 1998. முந்தவே முடியாத குறுகலான தடம். ஃபெராரியின் தொழில்நுட்ப இயக்குநர் ராஸ் பிரான் நடுவில் திட்டத்தை மூன்று பிட் ஸ்டாப்புக்கு மாற்றிவிட்டு, 19 சுற்றில் 25 விநாடி எடுக்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிறார். பத்தொன்பது சுற்றும் தகுதிச் சுற்று மாதிரி ஓட்ட வேண்டும் என்று அர்த்தம். ஒரு தடவை புல்லுக்கே போய்விட்டுத் திரும்பினார், ஆனாலும் எடுத்துவிட்டார். எங்கள் பையன்களுக்குச் சொல்லித் தரும்போது அந்தப் பந்தயத்தின் சுற்று நேரங்களைத்தான் போர்டில் எழுதிக் காட்டுவேன். ஒரு வேகச் சுற்று யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். பத்தொன்பதை அடுத்தடுத்து ஓட்ட உடம்பு வேண்டும். உடற்பயிற்சியை எஃப்1இல் ஒரு தொழிலாக மாற்றியதே அவர்தான். பந்தயம் முடிந்து மற்றவர்கள் வியர்வையில் நனைந்து நிற்கும்போது இவர் முகம் காய்ந்திருக்கும்.

ஹெரெஸ் பற்றி ஒரே ஒரு விஷயம். அதே உள்கேமராவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வில்நெவ் பக்கத்தில் வந்ததும் முதலில் கை இடது பக்கம் ஒரு துளி விலகுகிறது. அதாவது அவர் பார்த்துவிட்டார், தன்னிச்சையாக இடம் கொடுக்கப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் வலது பக்கம் திருப்புகிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த அரை விநாடியைப் பார்த்த பிறகு அது விபத்து என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிவப்புச்சட்டை:

கார்ட்பையன் தம்பி, அருமையாக எழுதியிருக்கிறாய்.

நான் ஃபெராரி ரசிகன், மறைக்கவில்லை. 2000 மோன்சாவில் 41ஆவது வெற்றி பெற்று சென்னாவின் எண்ணிக்கையைத் தொட்டபோது, செய்தியாளர் சந்திப்பில் அது உங்களுக்கு முக்கியமா என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் உடைந்து அழுதார். பக்கத்தில் இருந்த ஹாக்கினென் அவரைத் தேற்றினார். உணர்ச்சியே இல்லாத ஜெர்மன் இயந்திரம் என்று அதுவரை எழுதியவர்கள் அன்றைக்குப் பேனாவை மூடியிருக்க வேண்டும். அதே பந்தயத்தில் முதல் சுற்று மோதலில் சக்கரம் பறந்து வந்து பாவ்லோ கிஸ்லிம்பெர்ட்டி என்ற தீயணைப்பு மார்ஷல் இறந்துபோனார். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த நாளை நினைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 8, சுசுகா. ஹாக்கினெனோடு கடைசிவரை மல்லுக்கட்டு, பிட் ஸ்டாப்பில் முந்தி ஜெயித்தார். 21 வருடம் கழித்து ஃபெராரிக்கு ஓட்டுநர் பட்டம். அது ஒருவருடைய வெற்றி இல்லை. அணித் தலைவர் ஜான் டோட், ராஸ் பிரான், வடிவமைப்பாளர் ரோரி பைர்ன் எல்லோரும் சேர்ந்து கட்டியது. ஆனால் 1996இல் பெனட்டனில் உட்கார்ந்துகொண்டே மூன்றாவது பட்டத்தைத் தேடியிருக்கலாமே? தடுமாறிக்கொண்டிருந்த ஒரு அணிக்குப் போய் ஐந்து வருடம் காத்திருந்தார். சிறந்த காரைத் தேடி ஓடியவர் என்று அவரைச் சொல்லவே முடியாது.

ஆஸ்திரியா 2002 பற்றி பிட்சுவர் கேட்டார். அன்று நானே டிவியை அணைத்தேன். சீசனின் ஆறாவது பந்தயம். அதற்கு முந்தைய ஐந்தில் நான்கை ஷூமாக்கர் ஜெயித்திருந்தார். போலில் தொடங்கிக் கிட்டத்தட்ட முழுப் பந்தயமும் முன்னணியில் வந்த பாரிசெல்லோவைக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் ஒதுங்கச் சொன்னார்கள். என்ன அவசியம் இருந்தது? கூட்டம் ஊளையிட்டது. மேடையில் பாரிசெல்லோவை உச்சிப் படியில் ஏற்றினார், கோப்பையையும் கொடுத்தார். அதனால் நிலைமை இன்னும் மோசமானது. மேடை நடைமுறையை மீறியதாக ஃபெராரிக்கும் ஓட்டுநர்களுக்கும் சேர்த்து 10 லட்சம் டாலர் அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. அதே வருடம் இண்டியானாபொலிஸில் இரண்டு காரையும் சமமாகக் கோட்டைத் தாண்ட வைக்கப் பார்த்து, பாரிசெல்லோ 0.011 விநாடியில் ஜெயித்தது இன்னொரு கூத்து. கட்டளை டோட் கொடுத்தது என்பது உண்மை. ஆனால் "வேண்டாம், அவரே ஜெயிக்கட்டும்" என்று ரேடியோவில் சொல்லும் செல்வாக்கு அந்த அணியில் ஒருவருக்கு இருந்தது என்றால் அது ஷூமாக்கருக்குத்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. ரசிகனாக எனக்கு அதுதான் வலிக்கிறது.

கோவைத்தடம்:

இண்டியானாபொலிஸ் என்றதும் 2005 ஞாபகம் வந்துவிட்டது. மிஷலின் டயர் 13ஆவது வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் ஃபார்மேஷன் சுற்றோடு பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஷூமாக்கர் முதலாவது, பாரிசெல்லோ இரண்டாவது, ஜோர்டனில் மொண்டெய்ரோ மூன்றாவது, நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவது. எஃப்1இல் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள், நான்காம் இடத்துக்குக் கிடைத்த அந்த ஐந்தும்தான்.

ஷூமாக்கருக்கு 2005 முழுவதும் கிடைத்த ஒரே வெற்றி அது. முந்தைய வருடம் பதிமூன்று ஜெயித்தவர்! பந்தயம் முழுக்க ஒரே செட் டயரில் ஓட வேண்டும் என்று விதியை மாற்றினார்கள், பிரிட்ஜ்ஸ்டோனால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த வருடம் அவர் முணுமுணுக்காமல் ஓட்டினார். வளைவுமுனை சொல்லும் கணிப்புக்கு இதையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிட்சுவர்:

சாட்சிகளை மட்டும் எடுத்தால் எப்படி? எதிர்சாட்சிகளையும் கேளுங்கள்.

ஸ்பா 1998. கொட்டும் மழை. முன்னணியில் இருந்தவர், ஒரு சுற்று பின்தங்கிய மெக்லாரன் ஓட்டுநர் கூல்ட்ஹார்டின் காரில் பின்னாலிருந்து மோதி முன்சக்கரத்தை இழந்தார். மூன்று சக்கரத்தில் பிட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக மெக்லாரன் கராஜுக்குள் பாய்ந்தார். ஆட்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. தண்ணீர்த் திரைக்குள் அந்த வேகத்தில் போனது யார் முடிவு?

ஸ்பா 2000. ஹாக்கினென் அவரையும் நடுவில் ஒரு சுற்று பின்தங்கிய ஜோண்டாவையும் ஒரே நேரத்தில் முந்திய அந்தப் புகழ்பெற்ற காட்சி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய சுற்றில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் நேர்தடத்தில், ஷூமாக்கர் ஹாக்கினெனைப் புல் பக்கமாக ஒதுக்கியதை யாரும் பேசுவதில்லை. அப்போது அவருடைய பிழை ஏதுமில்லை. ஹாக்கினென் வேகமாக இருந்தார், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஹங்கேரி 2010. மெர்சிடிஸில் திரும்பி வந்த முதல் வருடம். போட்டி எதற்கு? பத்தாம் இடத்துக்கு. ஒரே ஒரு புள்ளி. புது டயரோடு வந்த பாரிசெல்லோவை நேர்தடத்தில் பிட் சுவரோடு வைத்து நெருக்கினார். சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்திருக்குமா? சுவர் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் பாரிசெல்லோ உயிரோடு இருந்திருப்பாரா என்றே தெரியாது. அடுத்த பந்தயத்தில் 10 இடம் பின்தள்ளினார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்டார். பட்டமும் இல்லை, தன் பிழையும் இல்லை, 41 வயது. இதை எந்தக் கணிப்பில் அடைப்பீர்கள்?

வளைவுமுனை:

ஸ்பா 1998ஐ என் கணிப்புக்குள் வைப்பேன். கூல்ட்ஹார்ட் அந்தத் திரைக்குள் வேகத்தைக் குறைத்தது தவறு. ஆனால் அந்தக் கோபத்தின் அளவு, தானும் தவறியிருக்கலாம் என்று உள்ளே தெரிந்தவனுடைய கோபம்.

ஹங்கேரி 2010 அடங்காது. அதற்குச் சாக்கு சொல்லப் போவதில்லை. அது இருபது வருடப் பழக்கம். பின்னால் வருபவன் பயந்து விலகுவான் என்ற நம்பிக்கையில் வாழ்ந்துவிட்ட ஒருவர், விலகாத ஒருவரைச் சந்தித்த நாள். பாரிசெல்லோ ஆறு வருடம் அவரோடு ஒரே அணியில் இருந்தவர், ஆஸ்திரியாவில் விலகியவர். அன்றைக்கு விலகக் கூடாது என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். 1994க்கும் 2006க்கும் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டதில்லை. ராஸ்காஸில் சுவரைத் தொடாமல், எஞ்சின் அணைந்து நின்ற காரைத் தற்செயல் என்றே சாதித்தார். நடுவர்கள் பல மணி நேரம் தரவுகளைப் பார்த்துவிட்டு அவரைக் கடைசிக்குத் தள்ளினார்கள். 2010இல் ஒரே நாளில் இறங்கி வந்தார்.

நாகைக்கரை:

தடத்துக்கு வெளியே உள்ள ஒன்றையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஷூமாக்கர் நிவாரணத்துக்குக் கொடுத்தது ஒரு கோடி டாலர். பல நாடுகளின் அரசுகள் அறிவித்ததைவிட அது பெரிய தொகை. அது எந்தக் கரைக்கு எவ்வளவு வந்தது என்று கணக்குப் பார்க்கும் நிலையில் நாங்கள் அப்போது இல்லை. ஆனால் செய்தித்தாளில் அந்தப் பெயரைப் படித்தது எங்கள் ஊரில் பலருக்கு நினைவிருக்கிறது. கார் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் அவர்கள்.

பிட்சுவர்:

நாகைக்கரை ஐயா, அதற்கு என் மரியாதை. அவர் தாராளமான மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. 2003 இமோலாவில் தாய் இறந்த சில மணி நேரத்தில் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, மேடையில் ஷாம்பெயின் தெளிக்காமல் கண்ணீரோடு நின்றதைப் பார்த்தவன்தான் நானும். நல்ல மகன், நல்ல அப்பா, மெக்கானிக்குகளின் குடும்பத்தார் பெயரைக்கூட நினைவில் வைத்திருப்பவர் என்று கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். கெட்டவன் ஒருவன் வில்நெவ்மேல் இடித்திருந்தால் நான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கெர்ப்பனில் கார்ட் தடம் ஒன்றைப் பார்த்துக்கொண்ட கொத்தனாரின் மகன். மற்றவர்கள் கழித்துப் போட்ட டயர்களைப் போட்டு ஓட்டிக் கற்றவர். 1991 ஸ்பாவில் ஜோர்டன் காரில் முதல் வாய்ப்புக் கிடைத்தபோது அந்தத் தடத்தில் ஓட்டியதே இல்லை. மடக்கு சைக்கிளில் சுற்றிப் பார்த்துவிட்டு, தகுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தார். பந்தயத்தில் முதல் சுற்றிலேயே கிளட்ச் போய்விட்டது, ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த பந்தயத்துக்குள் பெனட்டன் தூக்கிக்கொண்டு போனது. இத்தனை திறமை உள்ளவருக்கு அடிலெய்டு தேவையே இல்லை. ஹில்லிடம் தோற்றிருந்தால் 1995இல் ஜெயித்திருப்பார். 1995இல் ஒன்பது பந்தயம் ஜெயித்தாரே! ஆறு பட்டங்களோடு நின்றிருந்தாலும் அவர் ஷூமாக்கர்தான்.

சிவப்புச்சட்டை:

இதை நான் ஏற்கிறேன், பிட்சுவர். ரசிகனாகச் சொல்கிறேன், அந்த ஒரு பட்டத்தைத் திருப்பிக் கொடுத்து ஹெரெஸையும் சேர்த்து அழிக்க முடியுமென்றால் கொடுத்துவிடுவேன்.

ஆனால் நீங்கள் ஒரு பந்தயத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். இண்டர்லாகோஸ் 2006. ஃபெராரியில் கடைசி நாள். தகுதிச் சுற்றில் எரிபொருள் அழுத்தக் கோளாறு, பத்தாவது இடம். தொடக்கத்திலேயே ஃபிசிகெல்லாவை முந்தும்போது பின்டயர் பஞ்சர். கடைசி இடம், முன்னணிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால். பட்டம் கிட்டத்தட்டக் கைவிட்டுப் போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசியில் அடுத்த வருடம் தன் இடத்துக்கு வரப்போகும் ராய்க்கோனெனை முதல் வளைவில் சுவரோரமாக முந்தி நான்காவதாக முடித்தார். யாரையும் தொடவில்லை.

கார்ட்பையன்:

அந்த முந்துதலைப் பற்றிச் சொல்லணும். ராய்க்கோனென் அவரைப் பிட் சுவர் பக்கம் நெருக்குகிறார், ஆனால் ஒரு கார் அகலம் விடுகிறார். ஷூமாக்கர் அந்த அகலத்துக்குள் நுழைந்து, உள்கோட்டில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, ராய்க்கோனெனுக்கும் வெளியே இடம் விட்டுத் திரும்புகிறார். இரண்டு பேரும் சரியாக ஓட்டினார்கள். ஹங்கேரி 2010ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நெருக்குவதற்கும் அடைப்பதற்கும் உள்ள எல்லை எங்கே என்று பையன்களுக்குப் புரிந்துவிடும். நெருக்குபவரும் நெருக்கப்படுபவரும் அங்கே இடம் மாறி இருக்கிறார்கள்.

பிட்சுவர்:

பார்த்தேன், சிவப்புச்சட்டை. முழுப் பந்தயமும். அவர் ஓட்டியதிலேயே சிறந்த மூன்றுக்குள் வைப்பேன், அதில் கஞ்சத்தனம் காட்ட மாட்டேன்.

மெர்சிடிஸ் மூன்று வருடங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் அதை அவமானம் என்று எழுதுவதால். 2012 மொனாக்கோ தகுதிச் சுற்றில் 43 வயதில் எல்லோரையும்விட வேகமான நேரம் எடுத்தார். முந்தைய பந்தயத்தில் புருனோ சென்னாமேல் மோதியதற்காக ஐந்து இடம் பின்தள்ளப்பட்டதால் போல் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வலென்சியாவில் மூன்றாவது. வேகம் போய்விட்டவர் மொனாக்கோவில் அப்படி ஓட்ட முடியாது.

அடிலெய்டிலும் ஹெரெஸிலும் மட்டும் என் கருத்து மாறவில்லை. 1994 பட்டத்துக்கு எதிரே நான் எப்போதும் ஹில்லின் பெயரையும் எழுதுவேன்.

வளைவுமுனை:

எழுதுங்கள். நானும் அப்படித்தான் எழுதப் போகிறேன்.

கிள்ளான்வாசி சார், செப்பாங் 1999இன் சுற்று நேரத் தாள் ஏதாவது உங்களிடம் இருந்தால் இங்கே போடுங்கள். ஹாக்கினெனை எந்தெந்த வளைவுகளில் மெதுவாக்கினார் என்று கார்ட்பையன் பிரித்து எழுதினால், விதிக்குள் நின்று அடைப்பது எப்படி என்று ஒரு தனி இழையே தொடங்கிவிடலாம்.